புரைதாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சவூதி அரேபியாவின் கஸீம் மாகாணத் தலைநகரான புரைதாவில், ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். சான்றிதழ்களுக்கான டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் தொழில் உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வும் முடிந்துவிட்டன. விசா முத்திரைக்காகக் காத்திருக்கிறேன். ரியாத், ஜித்தா, தம்மாம் பற்றித் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். புரைதா என்றால் மட்டும், "அது ரொம்பக் கட்டுப்பாடான ஊராயிற்றே" என்ற ஒரே வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை விதிப்பது அரசா, ஊரா? அதற்குள் ஒரு பெண் கடைக்குப் போவதும் மருத்துவமனைக்குப் போய் வருவதும் எப்படி? பின்னால் கணவரையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொள்ள முடியுமா? அங்கே இருந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ரும்மாக்கரை எழுதியது:

வாழ்த்துகள், சகோதரி. ஊரின் சுபாவம் தெரியாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு என்பதால், முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

புரைதா, ரியாத்துக்கு வடமேற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், நஜ்து மேட்டுநிலத்தின் நடுவில் இருக்கிறது. அரேபியத் தீபகற்பத்தின் மிக நீண்ட வறண்ட ஆற்றுப்படுகையான வாதி அல்ரும்மா இந்த ஊரை ஒட்டித்தான் செல்கிறது. பூமிக்கடியில் சாக் என்னும் மணற்பாறை நீர்த்தேக்கம் இருக்கிறது. பேரீச்சந்தோப்புகளும், விமானம் இறங்கும்போது சன்னல் வழியே தெரிகிற வட்ட வட்டமான பச்சை வயல்களும் அந்த நீரை நம்பியவை. இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ஈராக், சிரியா, எகிப்து வரை வணிகம் செய்தவர்கள். உகைலாத் என்று அவர்களுக்குப் பெயர். ஆகவே வெளியுலகம் தெரியாத மக்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வெளியே போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டு மதிலுக்குள் பழைய வழக்கத்தை விடாமல் காப்பவர்கள் என்று சொல்வதே பொருந்தும். 1960களின் தொடக்கத்தில் அரசு இங்கே பெண்கள் பள்ளி திறந்தபோது ஊரில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. இன்று அதே ஊரின் பெண்கள் கஸீம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறார்கள். உங்கள் வார்டிலேயே அவர்களைப் பார்ப்பீர்கள்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. சட்டம் ரியாத்தில் என்னவோ அதுதான் இங்கும். ஆனால் சட்டம் அனுமதிக்கிற பலவற்றை ஊர் இன்னும் அனுமதிக்கவில்லை. அதை மீறுகிறவரைக் காவலர் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்வார், உரிமையாளர் உங்கள் நிறுவனத்திடம் சொல்வார், அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வருகிறவர்கள் காவல்துறைக்குப் பயப்படுகிறார்கள். கவனம் வைக்க வேண்டியது அக்கம்பக்கத்தில்தான்.

தொழுகை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் கடைகள் தொழுகை நேரத்திலும் திறந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் புரைதாவின் சிறு கடைகளில் பல, பாங்கு சொன்னதும் ஷட்டரை இறக்கிவிடுகின்றன. திரும்பத் திறக்க அரை மணி நேரம் வரை ஆகும். மாலையில் மஃக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்கும் இஷா என்னும் இரவுத் தொழுகைக்கும் நடுவே, ரமலான் தவிர மற்ற மாதங்களில், சவூதி நாட்காட்டிப்படி சரியாக 90 நிமிடம்தான். மஃக்ரிப் தொழுகை முடிந்து கடை திறப்பதற்கும் அடுத்த பாங்குக்கும் இடையே கையில் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. மருந்து, கறிவேப்பிலை, தையல் கடை என்று மூன்று வேலைகளோடு புறப்பட்டால் ஒன்றாவது மறுநாளைக்குத் தள்ளிப்போகும். தொழுகை நேரச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள்; முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் அதுதான் இந்த ஊரின் கடிகாரம். வெள்ளிக்கிழமை முற்பகலில் ஊரே உறங்கும், ஜும்மா முடிந்த பிறகும் மாலை வரை மந்தமாகவே இருக்கும். வார விடுமுறை வெள்ளியும் சனியும்.

பத்தாவாசி எழுதியது:

ரும்மாக்கரை ஐயா எழுதியதை மரியாதையோடு மறுக்கிறேன். நான் ரியாத்தில் இருக்கிறேன், வேலை நிமித்தமாகக் கஸீமுக்கு அடிக்கடி வருகிறேன். மத ஒழுங்குக் காவலர்கள் யாரையும் பின்தொடர்ந்து பிடிக்கும் அதிகாரம் 2016 ஏப்ரலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2018 ஜூன் முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். 2019 இறுதியில் உணவகங்களுக்கு ஆணுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி வாசல் வைக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது. பெண்கள் உடைக்கு மேல் அணியும் நீண்ட அங்கியான அபாயா சட்டப்படி கட்டாயமில்லை என்று பட்டத்து இளவரசரே சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் பிறகு புதிதாக வருகிற ஒரு செவிலியரைப் பழைய கதைகளைச் சொல்லி அச்சுறுத்துவது நியாயமா?

மட்டுநகர் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இருவரும் ஆண்கள் என்பதால் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து, புரைதாவில் மகப்பேற்று வார்டில் வேலை செய்தவள் நான்.

தங்கச்சி, அபாயா சட்டத்தில் இல்லை என்பது சரி. ஆனால் கடைத்தெருவில் நூறு பெண்கள் கறுப்பு அபாயாவில், அவர்களில் பெரும்பாலானோர் முகத்தையும் மூடிக்கொண்டு நடக்கும்போது, நீங்கள் மட்டும் சுடிதாரில் நடந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு தக்காளி வாங்குவதை விட அபாயா அணிவது சுலபம் என்று முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தோன்றிவிடும். முகத்தை மூடத் தேவையில்லை. தலையில் துப்பட்டா இருந்தால் வயதான பெண்கள் அன்பாகப் பேசுவார்கள், இல்லாவிட்டாலும் வெளிநாட்டு மருத்துவப் பணியாளர் என்று விட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து அபாயா வாங்கி வர வேண்டாம். இங்கே கோடைக்கு ஏற்ற மெல்லிய துணியில் மலிவாகவே கிடைக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்ததைப் பாருங்கள். காற்றடிக்கும் ஊர் இது.

மருத்துவமனைக்கும் விடுதிக்கும் இடையே பெரும்பாலும் நிர்வாகமே பேருந்து ஓட்டும். மற்றபடி ஊபர், கரீம் என்ற வாடகைக் கார் செயலிகளும் உண்டு. பின்னிருக்கையில் உட்காருங்கள், ஓட்டுநரோடு தேவைக்கு மேல் பேச வேண்டாம். பெண் தனியாகக் கடைக்குப் போவதில் எந்தத் தடையும் இல்லை. உணவகங்களில் இன்னும் திரையோ தடுப்போ போட்ட குடும்பப் பகுதி இருக்கும்; தனியாகப் போகும் பெண் தயக்கமில்லாமல் அங்கே போய் உட்காரலாம். முன்பு திரையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து சோர்ந்து வரும் நாளில், யாருடைய கண்ணிலும் படாமல் கால் நீட்டிச் சாப்பிட அந்தத் திரை நல்லதுதான் என்று பின்னால் தோன்றியது. இரண்டும் ஒரே திரைதான்.

ஊரின் இன்னொரு பாதி பெண்கள் அறைக்குள் இருக்கிறது. அதை ஆண்கள் பார்ப்பதே இல்லை. வெளியே கண் மட்டும் தெரிய நடக்கும் பெண்கள் வார்டுக்குள் முகத்திரையை எடுத்ததும் சத்தமாகச் சிரிக்கிறார்கள், மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறார்கள், "உனக்கு ஏன் இன்னும் இரண்டாவது பிள்ளை இல்லை" என்று நம் ஊர்ப் பெரியம்மாக்களைப் போலவே கேட்கிறார்கள். பிரசவமான வீட்டிலிருந்து குடுவையில் அரபுக் காப்பியான கஹ்வாவும் தட்டு நிறையக் கிளேஜாவும் வரும். கிளேஜா என்பது முழுக்கோதுமை மாவில் ஏலம், பட்டை, உலர்ந்த எலுமிச்சை, பேரீச்சம்பாகு சேர்த்துச் செய்கிற வட்டப் பலகாரம். புரைதாவின் பெருமை அது. உணவுக் கலைக்காக யுனெஸ்கோ 2021இல் இந்த ஊரைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கஹ்வாவைச் சின்னக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். வலது கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை இரண்டு மூன்று முறை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்; ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் எட்டு ஒன்பது கிண்ணம் குடித்துவிட்டு இரவு முழுக்க விழித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரபு எழுத்தையும் எண்களையும் வருவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். ரியாத்தில் ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம். கஸீமில் நோயாளியின் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அவர் பேசுவது பாடப்புத்தக அரபும் இல்லை. "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மூச்சு இழுங்கள், சாப்பிட்டீர்களா" என்ற அளவுக்கு வந்துவிட்டால் அந்தப் பாட்டியே மீதியைக் கற்றுக்கொடுத்துவிடுவார்.

பத்தாவாசி எழுதியது:

மட்டுநகர் அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சட்டம் தெரிந்திருந்தால் வீண் பயம் இருக்காது என்பதே என் கருத்து.

ரும்மாக்கரை எழுதியது:

தம்பி பத்தாவாசி, உங்கள் தகவல்கள் எல்லாமே சரியானவை. ஆனால் நீங்கள் புரைதாவுக்குக் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர். இந்த ஊரின் வழக்கம் பகல்நேர அலுவலகத்தில் தெரியாது, குடியிருக்கும் தெருவில்தான் தெரியும்.

தெருவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். வீட்டு மதில்கள் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், சன்னல்களில் கண்ணாடி மங்கலாக இருக்கும். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகும் ஆண் பக்கத்து வீட்டு முற்றத்தின் பக்கம் திரும்பக்கூடாது. முடிந்தால் மாடிக்கே போகாமல் இருப்பது நல்லது. நம் ஊரில் மாலை நேரத்தில் மாடியில் நின்று காற்று வாங்குவது இயல்பு. இங்கே அது அடுத்த வீட்டுப் பெண்களைப் பார்ப்பதற்காக நிற்பதாகவே கருதப்படும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் வாசலுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், கதவு திறக்கும்போது உள்ளே கண் போகாதபடி. நண்பரிடம் "மனைவி எப்படி இருக்கிறார்" என்று கேட்பதில்லை. "வீட்டார் நலமா" என்று பொதுவாகக் கேட்பார்கள். கூட வேலை செய்யும் சவூதிக்காரரோடு பல ஆண்டு பழகியும் அவருடைய மனைவி பெயர் எனக்குத் தெரியாது. அதில் எந்தக் குறையும் இல்லை.

கைப்பேசிக் கேமரா விஷயத்தில் மட்டும் வழக்கமும் சட்டமும் ஒன்றே. பிறரை அனுமதியின்றிப் படமெடுத்துத் தனியுரிமையைக் கெடுப்பது 2007ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம் என்ற அளவுக்குப் போகக்கூடிய குற்றம். சந்தையில் பழக்கூடையைப் படமெடுக்கும்போது பின்னால் ஒரு குடும்பம் நடந்து போனாலும் சண்டை வரலாம். மருத்துவமனைக்குள் நோயாளியோடு செல்ஃபி என்ற எண்ணமே வேண்டாம், சகோதரி.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு சொல். அறைக்குள் சாமி படம் வைத்துக் கும்பிடுவதிலோ பொங்கல் வைப்பதிலோ யாரும் தலையிடுவதில்லை. வாசலில் கோலம், வெளியில் கேட்கிற பாட்டு, ஊர் கூட்டிப் பூசை என்று அது கதவைத் தாண்டக்கூடாது. ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதும் குற்றமே. வேலையிடத்தில் தனி அறை கொடுப்பார்கள். அந்த மாதம் முழுக்க ஊர் இரவில்தான் வாழும். வங்கி வேலை, வாடகை வேலை எதுவாக இருந்தாலும் ரமலானுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ஸலாம். அக்காவின் கேள்விக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்குப் புரைதாவில் வீட்டு ஓட்டுநர் விசா வந்திருக்கிறது. சம்பளம் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுக்கிற முதலாளிக்கு, ஊருக்கு வெளியே மஸ்ரா என்கிற தோட்டமும் இருக்கிறதாம். "கொஞ்சம் தோட்ட வேலையும் பார்க்க வேண்டியிருக்கும்" என்று ஏஜென்ட் இப்போது சொல்கிறார். அனுப்பலாமா?

ரும்மாக்கரை எழுதியது:

தம்பி தொண்டிக்காரரே, இந்தக் கேள்வியை விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே நல்லது. கஸீமுக்கு வருகிற தமிழர்களில் பலர் வீட்டு ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களுமே. அபாயா, தொழுகை நேரம் பற்றியெல்லாம் பேசுகிறோம். இவர்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது விசாவில் எழுதியிருக்கிற தொழிலின் பெயர்தான்.

2021 மார்ச் 14 அன்று நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, நிறுவனத் தொழிலாளர்கள் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேலை மாறலாம், கஃபீலின் கையெழுத்து இல்லாமல் எக்ஸிட் ரீ-என்ட்ரிக்கு (ஊருக்குப் போய்த் திரும்பும் அனுமதிக்கு) அப்ஷிர் என்னும் அரசுச் செயலியில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோர் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. அவர்களுக்கு வேறு விதிமுறை. அதன் புதிய வடிவம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. தாளில் நல்ல விதிதான். ஆனால் ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில், ஒரு தோட்டத்தின் நடுவில் இருக்கும் அறையில் அதைக் கண்காணிக்க யார் வருவார்கள்?

ஆகவே ஒப்பந்தத்தில் "வீட்டு ஓட்டுநர்" என்று மட்டும் இருந்து, தோட்ட வேலை வாய்மொழியாகச் சேர்க்கப்பட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பணியாளர்களுக்கான சவூதி அரசுத் தளமான முசானெத்தில் பதிவான ஒப்பந்தத்தின் படியைக் கையில் வாங்குங்கள். தொழில், சம்பளம், தங்குமிடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாததால் தம்பியின் பாஸ்போர்ட் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவைப்படும்) வகையாக இருந்தால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகத்தான் போக வேண்டும். சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் கஃபீல் வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம். ஆனாலும் பல வீடுகளில் அது நடக்கிறது என்பதால், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றின் படத்தையும் ஊரில் உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பிடிக்கவில்லையென்று வெளியே ஓடி வேறிடத்தில் வேலை செய்வது மட்டும் கூடாது. கஃபீல் ஹுரூப் (ஓடிப்போய்விட்டார்) என்று புகார் பதிந்துவிட்டால் இகாமா என்னும் வசிப்பிட அனுமதி முடங்கும், பிடிபட்டால் சிறையும் நாடு கடத்தலும்தான். அதற்கு முன்பே 19911 என்ற தொழிலாளர் அமைச்சக எண்ணுக்குப் பேசலாம், ரியாத் இந்தியத் தூதரகத்தில் முறையிடலாம். புரைதா அந்தத் தூதரகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஊரிலிருந்து நீங்கள் மதத் தளத்தில் புகார் பதியலாம்.

தொண்டிக்காரன் எழுதியது:

மதத் தளம் என்று எழுதியிருக்கிறீர்களே, புரியவில்லை காக்கா.

ரும்மாக்கரை எழுதியது:

இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையத்தளம், தம்பி. வெளிநாட்டில் இருக்கிறவருக்காக ஊரில் இருக்கும் உறவினரும் அதில் புகார் பதிந்து, எண் வாங்கிக்கொண்டு தொடர்ந்து கவனிக்கலாம்.

சுக்கரி எழுதியது:

எல்லோரும் சட்டமும் ஒழுக்கமும் பேசிவிட்டீர்கள். நான் வெயிலையும் தண்ணீரையும் பற்றி எழுதுகிறேன். தோட்டத்திலும் பேரீச்சம்பழச் சந்தையிலும் வேலை செய்கிறவனுக்கு அதுதான் தெரியும்.

ஜூலையில் பகல் வெப்பம் 43, 44 டிகிரி சாதாரணம். நம் கடற்கரை ஊர்களைப் போல வியர்த்து வழியாது. காற்றில் ஈரமே இருக்காது, வியர்வை வருவதற்கு முன்பே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவது நிறுவனங்களுக்குத் தடை. காய்ந்த காற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு. ஜித்தாவிலும் தம்மாமிலும் உதவாத தண்ணீர்க் கூலர் இங்கே நன்றாகக் குளிரூட்டும், மின்கட்டணமும் குறையும். கோடைத் தொடக்கத்தில் அதன் வைக்கோல் தட்டியை மட்டும் மாற்றிவிடுங்கள். பழைய தட்டியில் உப்புப் படிந்து நாற்றம் வரும்.

கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் பச்சைத்தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியாது. அதற்கு இங்கே எல்லோரும் செய்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. ஜூன் பிறந்ததும் குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் வீட்டுக்குள், குளிர்ந்த அறையில் இருப்பதால் அதற்குள் நிற்கிற தண்ணீர் ஆறிவிடும். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்தால்தான் குளிக்கத் தகுந்த தண்ணீர் வரும். ஒரு ஆள் குளிக்கிற அளவுதான் அதில் கொள்ளும். அடுத்தவர் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள். சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் நிரப்பிக் கொடுக்கிற கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு.

நம்மவர்களை உண்மையில் வீழ்த்துவது குளிர்காலம்தான். பாலைவனம் என்று கம்பளி இல்லாமல் வந்துவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஐந்து ஆறு டிகிரிக்கு இறங்கும், சில இரவுகளில் பூச்சியத்தையும் தொடும். உதடும் குதிகாலும் வெடிக்கும், மூக்கில் இரத்தம் வரும். வாசலின் டப்பா ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். சந்தையில் உள்ளே ரோமம் வைத்துத் தைத்த ஃபர்வா என்கிற நீண்ட அங்கி கிடைக்கும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைப் போல ஒன்று இல்லை. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரியிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாட்டின் ஏதாவதொரு மூலையிலிருந்து அந்தச் செய்தி வருகிறது. மின்சார ஹீட்டர் வாங்குங்கள்.

மார்ச் முதல் மே வரை புழுதிக் காற்று வீசும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். மழை பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் பெய்யும், பெய்தால் சில மணி நேரத்தில் வாதியில் வெள்ளம் வரும். வறண்டு கிடக்கிற படுகைதானே என்று காரை இறக்குகிறவர்கள் வண்டியோடு போகிறார்கள், பிழைத்தால் அபராதமும் கட்டுகிறார்கள். இரவில் நெடுஞ்சாலையில் ஒட்டகம் குறுக்கே நிற்கும். விளக்கொளியில் முதலில் தெரிவது நாலு கால்கள் மட்டும்தான். உடம்பு அதற்கு மேலே, கண்ணாடி உயரத்தில் இருக்கும்.

ஆகஸ்டில் வந்தால் பேரீச்சம்பழச் சந்தையைப் பார்க்காமல் இருக்காதீர்கள். பஜ்ர் என்னும் விடியற்காலைத் தொழுகைக்கு முன்பே பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிடும். ஏலம் விடும் தல்லால் வண்டியின் பின்கதவில் ஏறி நின்று, ஒரு பெட்டியைத் திறந்து காட்டி விலை கூவத் தொடங்குவார். சில நிமிடங்களில் வண்டி முழுக்க விற்றுப்போகும். கூட்டத்தில் வாங்குகிறவர் கையை உயர்த்துவதுகூட இல்லை, தலையை லேசாக அசைப்பார். தல்லாலின் கண்ணுக்கு அது தப்பாது. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்து, நாங்கள் பெட்டிகளைக் குளிர்சாதன வண்டிக்கு மாற்றிக்கொண்டிருப்போம். சுக்கரி, பர்ஹி, கலாஸ், ருத்தானா என்று வகைகள் பல. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் அவசரப்படாதீர்கள், வரத்து கூடியதும் விலை இறங்கும். மேலடுக்கை மட்டும் பார்த்து வாங்காமல் ஒரு பழத்தை விலக்கி அடியடுக்கையும் பாருங்கள். விற்கிறவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். பாதி பழுத்த ஈரச் சுக்கரியை ஊருக்குக் கொண்டுபோனால் வழியிலேயே புளித்துவிடும். காய்ந்த வகையையே எடுத்துச் செல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹீட்டரை அணைத்துவைத்துப் பச்சைத்தண்ணீர் எடுப்பதை நான் கற்பனைகூடச் செய்திருக்கமாட்டேன். குடும்பத்தை அழைப்பது பற்றியும் பெட்டியில் என்ன கொண்டுவரக்கூடாது என்பது பற்றியும் மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

ரும்மாக்கரை எழுதியது:

குடும்ப விசாவுக்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் நிறுவன ஊழியர்களின் குடும்பத்தாருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 400 ரியால் அரசுக் கட்டணம் உண்டு. 2017இல் 100 ரியாலில் தொடங்கி ஆண்டுதோறும் கூட்டி, 2020 ஜூலையில் இந்த அளவுக்கு வந்தது. கணவரும் மகளும் என்றால் ஆண்டுக்கு 9,600 ரியால், அதையும் இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். நீங்கள் அமைச்சகப் பணியாளர் என்பதால் உங்களுக்கு எது பொருந்தும், செவிலியர் தம் பெயரில் கணவரை அழைக்கலாமா, தங்குமிடம் விடுதியா குடும்ப வீடா என்ற மூன்றையும் பணியாளர் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதிச் சிநேகிதிகளின் சொல்லை நம்பி மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். பலர் முதலில் குடும்ப வருகை விசாவில் அழைத்து, சில மாதம் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அதுவே நல்லதென்பது என் எண்ணம். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளி புரைதாவிலேயே இருப்பதால் படிப்பு தடைப்படாது. உங்கள் கணவருக்கு இங்கே வேலை கிடைப்பதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். குடும்ப இகாமாவில் இருப்பவர் அப்படியே வேலை செய்ய முடியாது.

வீடு தேடினால் வாடகைக்கான அரசுத் தளமான ஈஜாரில் பதிவாகும் ஒப்பந்தம் மட்டுமே செல்லும். வாடகையைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். குடும்பக் கட்டடத்தில் தனி ஆண்களுக்கு வீடு தரமாட்டார்கள்.

மட்டுநகர் எழுதியது:

பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். கசகசா ஒரு பொட்டலம்கூட வேண்டாம். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை எதையும் முன் அனுமதியில்லாமல் கொண்டுவரக்கூடாது. நீங்கள் செவிலியர் என்பதால் தெரிந்திருக்கும், ஆனால் அக்கம்பக்கத்தார் "எங்கள் மச்சானுக்கு இதைக் கொடுத்துவிடு" என்று தருகிற பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. பிரித்துக் காட்டாத எதையும் வாங்காதீர்கள், உறவு கசந்தாலும் பரவாயில்லை. மற்ற மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு இருக்கட்டும்.

அரிசி, பருப்பு, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் மலையாளிகள் நடத்தும் பகாலா என்கிற மளிகைக் கடைகளில் கிடைக்கும். இட்லிப் புழுங்கலரிசிக்குப் பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள். சான்றிதழ்களின் மூலங்கள், சான்றொப்பம் பெற்ற படிகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஒரு கம்பளிச் சட்டை, கால் வெடிப்புக் களிம்பு போதும். வந்து இறங்கியதும் கைரேகை வைத்து உங்கள் பெயரிலேயே சிம் வாங்குங்கள். அப்ஷிர், வங்கி எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும். அதற்கு வருகிற ஓடிபியை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இந்தியிலும் உருதுவிலும் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் சம்பளம் அன்றைக்கே போய்விடும். ஆம்புலன்ஸுக்கு 997, மருத்துவ ஆலோசனைக்கு 937. இகாமா இங்கு வந்த 90 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். அதன் கட்டணம் வேலை கொடுப்பவருடையது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் அதைப் பாருங்கள், தங்கச்சி. ஏதாவது பிடித்திருந்தால் இங்கேயே எழுதுங்கள்.